சந்தாபுராவிலிருந்து சைகோன் வரை



பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில், பொம்மசந்திராவைக் கடந்து, அத்திப்பள்ளிக்கு முன்னதாக அமைந்துள்ள ஊர் சந்தாபுரா. சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் வேலை தேடிக் கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல உண்டு. என் குடும்பமும் அவற்றுள் ஒன்று. எங்கள் தெரு முனையில் ஒரு சிறிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. கோயில் என்பதைவிட, வேப்ப மரத்தடியில் ஓர் அறை என்பதே பொருந்தும். ஆண்டுதோறும் ஆடி மாதம் அங்கே கூழ் ஊற்றுவோம். அதற்கான அழைப்பிதழைத் தமிழில் மட்டும் அச்சிடுவதா, கன்னடத்திலும் சேர்த்து அச்சிடுவதா என்பது பற்றி எங்களுக்குள் ஒரு வழக்கு மூன்று ஆண்டுகளாக நடந்துவந்தது. "இது ஒன்றாவது நமக்கென்று இருக்கட்டுமே" என்பது ஒரு சாராரின் வாதம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: நானும் அந்தச் சாராரில் ஒருவன்தான்.

இன்று நான் பேச வந்தது அந்த வழக்கைப் பற்றி அன்று. சென்ற கோடை விடுமுறையில் என் தாயார், மனைவி, இரு குழந்தைகள் ஆகியோருடன் வியட்நாம் நாட்டின் ஹோ சி மின் நகரத்துக்கு, அதாவது நம் முன்னோர் சைகோன் என்று அறிந்திருந்த நகரத்துக்குச் சென்று வந்தேன். குடும்பத்தோடு அங்கே செல்ல எண்ணும் நேயர்களுக்கு எங்கள் அனுபவம் சிறிது பயன்படலாம் என்பதே என் எண்ணம்.

முதலில் பயணச் செய்திகள். 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதல், எல்லா நாட்டவருக்கும் 90 நாள் வரை செல்லத்தக்க மின்விசாவை வியட்நாம் அரசு வழங்கத் தொடங்கியது. வீட்டிலிருந்தபடியே கணினி வழியாக விண்ணப்பித்துக்கொள்ளலாம். அதே ஆண்டு நவம்பரில் திருச்சிராப்பள்ளியிலிருந்தும் அந்நகருக்கு நேர் விமானம் விடப்பட்டது. நேர் விமானமாயின் ஐந்து மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். சந்தாபுராவாசிகள், வீட்டிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையத்துக்குச் செல்லும் நேரத்தையும் இதனுடன் கூட்டிக்கொள்ள வேண்டும். சில நாட்களில் அது பயணத்தின் பெரும்பகுதியாகவே ஆகிவிடுகிறது. அந்நாட்டுக் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி முந்தியது.

பருவத்தைத் தேர்ந்தெடுப்பதில் நாங்கள் பிழை செய்தோம். பள்ளி விடுமுறையை எண்ணி ஏப்ரலில் சென்றோம். அங்கே ஆண்டிலேயே வெப்பம் மிகுந்த காலம் அது. மே மாதம் தொடங்கி நவம்பர் வரை மழை. டிசம்பரும் ஜனவரியும் இனிய மாதங்கள். ஆயினும் ஜனவரி இறுதியிலோ பிப்ரவரியிலோ வரும் 'தெத்' என்னும் அவர்களது புத்தாண்டு நாட்களில் கடைகள் பல அடைத்திருக்கும். நகரத்தார் தத்தம் சொந்த ஊர்களுக்குப் போய்விடுவர். பொங்கலுக்கு நாம் பேருந்து பிடிக்க ஓடுவதைப் போன்றதுதான் அதுவும்.

பணக் கணக்கு முதல் நாள் தலையைச் சுற்றவைக்கும். அந்நாட்டு நாணயத்தின் பெயர் தோங். நம் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 தோங். ஓர் இளநீர் முப்பதாயிரம் என்று கேட்டதும் என் தாயார் அதைத் தொடாமலே திருப்பி வைத்துவிட்டார். கடைசி இரண்டு பூச்சியங்களை நீக்கி, எஞ்சியதை மூன்றால் வகுத்தால் ரூபாய்க் கணக்கு வந்துவிடும் என்று என் மகள் கண்டுபிடித்தாள். அதன் பின்னரே இளநீர் உள்ளே போயிற்று. இன்னோர் எச்சரிக்கை: இருபதாயிரம் தோங் தாளும் ஐந்து லட்சம் தோங் தாளும் நிறத்தில் ஒன்றை ஒன்று ஒத்திருக்கும். அந்தி வெளிச்சத்தில் ஒன்றுக்கு மற்றொன்றைக் கொடுத்துவிடுவது எளிது.

சாலையைக் கடப்பதும் தனியே கற்க வேண்டிய கலை. ஆற்று வெள்ளம்போல் மோட்டார் சைக்கிள்கள் வந்துகொண்டே இருக்கும். ஓடக் கூடாது, பின்வாங்கவும் கூடாது. சீரான நடையில் மெல்லச் சென்றால், வண்டிகள் நம்மைச் சுற்றிக்கொண்டு போய்விடும். ஓசூர்ச் சாலையைக் கடந்து பழகிய எங்களுக்கே இரண்டு நாள் பிடித்தது.

உணவு பற்றிப் பலர் அஞ்சுகின்றனர். சைவ உணவினர் 'சாய்' என்ற ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இது வடநாட்டுத் தேநீர் அன்று. அவர்கள் மொழியில் மரக்கறி உணவுக்கு வழங்கும் சொல். பௌத்தர்கள் பலர் அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் புலால் நீக்கி உண்பதால், சாய் என்று பலகை தொங்கும் உணவுக் கடைகள் நகரெங்கும் உள்ளன. உச்சரிப்பு பிசகக்கூடும், ஆதலால் தாளில் எழுதிக் காட்டுவது நல்லது. காய்கறி மட்டும் என்று சொன்னால் போதாது. மீனிலிருந்து வடித்தெடுக்கும் ஒரு சாற்றை அவர்கள் நாம் உப்பிடுவதுபோல் எதிலும் சேர்ப்பர். அங்கே 'காரி' என்றொரு குழம்பு உண்டு. மஞ்சளும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தது. ரொட்டியைத் தொட்டுக்கொண்டு அதை உண்கின்றனர். நம் கறி என்னும் சொல்தான் அப்படிப் போயிருக்கிறது. குழம்பில் காரம் இல்லையே என்று என் மனைவி குறைபட்டுக்கொண்டாள்.

இனிக் காணவேண்டிய இடங்கள். 1886இல் தொடங்கி 1891இல் முடிக்கப்பட்ட தலைமை அஞ்சலகம் ஒரு ரயில் நிலையத்தின் கம்பீரத்துடன் நிற்கிறது. உள்ளே சுவர்களில் பழைய நிலப்படங்கள் பெரிதாகத் தீட்டப்பட்டுள்ளன. குழந்தைகள் அங்கிருந்து சேலத்திலுள்ள பாட்டனாருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிப் போட்டார்கள். எதிரிலேயே 1880இல் கட்டி முடித்த தேவாலயம். சிறிது தொலைவில், 1975 ஏப்ரல் 30ஆம் நாள் பீரங்கி வண்டிகள் வாயிற்கதவை மோதிக்கொண்டு நுழைந்த பழைய அதிபர் மாளிகை. நீண்ட போர் அன்று அவ்வாசலில்தான் முடிவுற்றது. போர்ச் சின்னங்களின் அருங்காட்சியகத்துக்குப் பெரியவர்கள் கட்டாயம் செல்ல வேண்டும். சிறு குழந்தைகளை அழைத்துச் செல்ல நான் சொல்லமாட்டேன். நச்சு மருந்து தெளிக்கப்பட்டதன் விளைவுகளைக் காட்டும் படங்கள் உறக்கத்தைக் கெடுப்பவை. நானும் மனைவியும் மாறி மாறிச் சென்று வந்தோம்.

குழந்தைகள் பெரிதும் மகிழ்ந்தது நீர்ப் பாவைக்கூத்தில். மேடை முழுவதும் தண்ணீர். மூங்கில் திரைக்குப் பின்னே இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு கலைஞர்கள் மரப்பாவைகளை இயக்குகின்றனர். வட வியட்நாமில் நெல் வயல்களில் தேங்கிய நீரில் உழவர்கள் வளர்த்த கலை இது. மீன் துள்ளுகிறது, நாகம் நெருப்பை உமிழ்கிறது, எருமை உழுகிறது. மொழி தெரியவேண்டிய தேவையே இல்லை.

1860களில் அமைந்த விலங்குக் காட்சிச் சாலையையும் அதனை ஒட்டிய வரலாற்று அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் பார்க்கலாம். குழந்தைகள் யானையைப் பார்த்துக்கொண்டிருக்கையில், பெரியவர்கள் சம்பா நாட்டுச் சிற்பங்களைக் காணலாம். வியட்நாமின் நடுப்பகுதியில் நூற்றாண்டுகள் பல ஆண்ட சம்பா மன்னர்கள் சிவனையும் திருமாலையும் வழிபட்டவர்கள். கூ சீ என்னுமிடத்தில் போர்க்காலச் சுரங்க வழிகள் உள்ளன. முழங்காலில் வலி உள்ளவர்கள் வெளியே மர நிழலில் அமர்ந்திருப்பதே உத்தமம். மீ தோவுக்குச் சென்றால் மேகாங் ஆற்றில் படகேறித் தென்னந்தோப்புகளிடையே போய் வரலாம். தேங்காய்ப்பாலில் காய்ச்சிய மிட்டாயை அங்கே சுடச்சுடத் தருகின்றனர்.

நகரத்தின் முதல் மெட்ரோ ரயில் 2024 டிசம்பர் 22இல் ஓடத் தொடங்கியது. பென் தான் சந்தையருகே பூமிக்கடியில் புறப்பட்டுப் பின்னர் மேலேறிச் செல்லும் அதன் நீளம் 19.7 கிலோமீட்டர். எங்கள் பக்கத்துப் பொம்மசந்திராவுக்கு 2025 ஆகஸ்டில் வந்த மஞ்சள் தடத்தின் நீளம் 19.15 கிலோமீட்டர். இரண்டு ஊர்களும் ஏறத்தாழ ஒரே அளவு காத்திருந்திருக்கின்றன என்று சொல்லத் தோன்றுகிறது. அந்த ரயிலில் ஏறினால் 461 மீட்டர் உயர்ந்த 'லேண்ட்மார்க் 81' மாளிகை சன்னல் வழியே தெரியும். குழந்தைகள் அதை எண்ணி எண்ணிப் பார்த்தனர்.

நேயர்களே, நான் சற்று நின்று பேச விரும்பும் இடம் இனித்தான் வருகிறது.

1859இல் பிரெஞ்சுக்காரர் சைகோனைக் கைப்பற்றினர். புதுச்சேரியும் காரைக்காலும் அப்போது அவர்கள் வசம் இருந்தன. ஆகவே அவ்வூர்களிலிருந்து தமிழர்கள் எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் வரி வசூலிப்போராகவும் கப்பலேறினர். 1881ஆம் ஆண்டுச் சட்டப்படி தம் குல வழக்கைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டவர்கள், பிரெஞ்சுக் குடிகளுக்குரிய உரிமைகளுடன் அங்கே பணிபுரிந்தனர். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் துணிக்கடைகள் வைத்தனர். நாட்டுக்கோட்டை நகரத்தார் கிட்டங்கி அமைத்து லேவாதேவி நடத்தினர். மேகாங் கழிமுகத்தின் நெல் வயல்கள் வரை அவர்கள் கடன் சென்றது. உலகப் பொருளாதார மந்தம் வந்த 1930களில் நெல் விலை வீழ்ந்தபோது அவர்கள் தொழிலும் ஆட்டம் கண்டது. பிரெஞ்சு ஆட்சி முடிந்தபோது ஒரு பகுதியினர் திரும்பினர். 1975க்குப் பின் எஞ்சியிருந்தோரிலும் மிகப் பெரும்பாலோர் வெளியேறினர். புதுச்சேரியில் சில குடும்பங்கள் இன்றும் வியட்நாம் உணவு சமைப்பது அந்த உறவின் எச்சம்.

போனவர்கள் விட்டுச் சென்றவை நகரின் நடுவே நிற்கின்றன. 1935இல் தென்னிந்திய முஸ்லிம்கள் கட்டிய பள்ளிவாசல் பச்சையும் வெள்ளையுமாகப் பளிச்சிடுகிறது. நண்பகலில் அதன் தாழ்வாரத்து நிழலைப் போல் குளிர்ந்த இடம் அருகில் வேறில்லை. நகரத்தாரின் தெண்டாயுதபாணி கோயில் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே இருக்கிறது. நாங்கள் சென்ற காலையில் எங்களைத் தவிர வேறொருவரும் அங்கே இல்லை. கூடத்தின் குளிர்ந்த தரையில் அமர்ந்து என் தாயார் திருநீறு பூசிக்கொண்டார். "எவ்வளவு செலவழித்துக் கட்டியிருப்பார்கள்!" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். பென் தான் சந்தையிலிருந்து நடந்தே செல்லலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் வணிகர்கள் எழுப்பியது. வாயிலுக்கு மேலே நம்மூர்க் கோபுரம். கருவறையில் அம்மன், இரு பக்கமும் மதுரைவீரனும் பேச்சியம்மனும். உள்ளே நுழைய இடமில்லை, அவ்வளவு கூட்டம். ஆனால் அக்கூட்டத்தில் தமிழர் நாங்கள் ஐவர்தாம். மற்ற அனைவரும் வியட்நாமியரும் சீனருமே. ஊதுபத்திக் கட்டை இரு கைகளாலும் நெற்றிக்கு உயர்த்தி வணங்குகின்றனர். உப்பும் அரிசியும் படைக்கின்றனர். பிறகு சுவரருகே சென்று நெற்றியைக் கல்லில் பதித்து, உதடு அசைய, வேண்டுதலை மெல்லச் சொல்கின்றனர். இந்திய அம்மையின் கோயில் என்பதே அவர்கள் அதற்கு இட்டிருக்கும் பெயர்.

சுவரில் நெற்றி வைப்பது நம் வழக்கமன்றே என்றேன் நான். என் தாயார் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற வியட்நாமிய மூதாட்டி, தாம் நின்ற இடத்தைச் சைகையால் காட்டி, சற்று ஒதுங்கி வழிவிட்டார். என் தாயாரும் கண்ணை மூடிச் சுவரில் நெற்றியைப் பதித்தார். என்ன கேட்டார் என்று இதுவரை எங்களிடம் சொல்லவில்லை. வெளியே வந்ததும் அம்மூதாட்டி தம் கையிலிருந்த சிறிய உப்புப் பொட்டலத்தை என் தாயாரிடம் கொடுத்து ஏதோ சொன்னார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. என் தாயார், "நல்லா இருங்கம்மா" என்றார். அதுவும் அவருக்கு விளங்கியிராது.

அறைக்குத் திரும்பும் வழியில் என் தாயார் கேட்டார்: "கட்டினவங்க ஒருத்தரும் இல்லையே, பின்னே விளக்கு யார் ஏத்துறாங்க?" கேட்டுவிட்டு அவரே, "இவங்கதான்" என்றார். அத்துடன் பேச்சு நின்றது.

ஊர் திரும்பிய பின் ஆடி வந்தது. அழைப்பிதழ் பற்றிய கூட்டம் வழக்கம்போல் கூடிற்று. நான் சென்ற ஆண்டு பேசியதற்கு மாறாகப் பேசியதைக் கேட்டு நண்பர்கள் சிலர் முகம் சுளித்தனர். ஒருவர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. முடிவில் தமிழும் கன்னடமுமாக அச்சிட்டோம். கன்னட வாசகத்தை எழுதித் தந்தவர் எதிர்வீட்டு ஆசிரியர். திருவிழாவன்று அவர் வீட்டு அம்மையார் ஒரு தட்டில் கோசம்பரி எடுத்துவந்து அம்மன் முன்னே வைத்தார். அவரைத் தொடர்ந்து அத்தெருவினர் பலர் வந்தனர். கூழ் பத்து மணிக்கே தீர்ந்துபோயிற்று. மீண்டும் அடுப்பு மூட்டினோம். கேழ்வரகு மாவு போதாமல் கடைக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. உப்புக் குறைகிறது என்று யாரோ சொல்ல, என் தாயார் வீட்டுக்குப் போய்ச் சைகோன் பொட்டலத்தைக் கொண்டுவந்து பிரித்தார்.