திரை ஒதுங்க இடம்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில், பாறைக் குன்றும் குன்றின் மேல் சிவன் கோயிலுமாகத் தெரிகிற ஊர் பெருமுக்கல். அங்கிருந்து கிழக்கே போகப் போகக் கழுவேலி, உப்பளம், கடல். சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். காலையெல்லாம் மேல்காற்று அனலாய் அடிக்கும். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று திரும்பினால்தான் வீட்டுக்குள் உட்கார முடியும். அந்த நேரத்தில் ஜன்னலை அடைத்துக்கொண்டு ஒரு திரை தொங்கினால், அது எவ்வளவு உசத்தியான துணியாக இருந்துதான் என்ன பயன்?

திரைச்சீலை வாங்கக் கிளம்பும்போது நாம் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்கிறோம்: இந்த ஜன்னலை மூட எவ்வளவு துணி வேண்டும்? அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. திரையை ஒதுக்கினால் அது எங்கே போய் நிற்கும்? இதற்குப் பதில் தெரிந்த பிறகு டேப்பைக் கையில் எடுத்தால் போதும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். நாலடி அகல ஜன்னல். திரையில் மடிப்பு அழகாக விழ வேண்டுமானால், மூட வேண்டிய அகலத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு துணி வேண்டும். அதாவது எட்டடி. திரையை இரண்டு பக்கமும் ஒதுக்கினால் அந்த எட்டடித் துணி காணாமல் போய்விடாது. பக்கத்துக்கு அரை அடியாவது அடுக்காக நிற்கும். கம்பியை ஜன்னல் அகலத்துக்கே வெட்டி மாட்டியிருந்தால், அந்த அடுக்கு ஜன்னலை மறைத்துக்கொண்டுதான் நிற்கும். நாலடி ஜன்னல் மூன்றடி ஆகிவிட்டது. வரவேண்டிய காற்றில் கால் பங்கு போயிற்று.

ஆகவே கம்பியை இரண்டு பக்கமும் ஆறு ஆறு இன்ச் கூட்டிப் போடுங்கள். நாலடி ஜன்னலுக்கு ஐந்தடிக் கம்பி. திரை சுவருக்கு முன்னால் ஒதுங்கி நிற்கும். ஜன்னல் முழுதும் திறந்திருக்கும். அந்த ஆறு இன்ச் சுவர் காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பீரோ இருக்கலாம், சுவிட்ச் போர்டு இருக்கலாம், மேலே லாஃப்ட் முட்டலாம். ஒரு பக்கம் சுவர் மூலையே வந்துவிட்டால் கவலை வேண்டாம். இரட்டைத் திரைக்குப் பதில் ஒற்றைத் திரை போட்டு, மறுபக்கம் ஓரடி கூட்டிக்கொள்ளலாம்.

இனி அளப்பது எப்படி என்று பார்ப்போம்.

இரும்பு டேப்பால் அளப்பதே நல்லது. தையல்காரர் கழுத்தில் போட்டிருக்கும் டேப் நாள்பட நாள்பட நீண்டுவிடும். இரும்பு டேப்பின் நுனியில் இருக்கிற கொக்கியை அசைத்துப் பாருங்கள், லேசாக ஆடும். பலர் அதைக் கெட்டுப்போன டேப் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது வேண்டுமென்றே விட்டிருக்கிற ஆட்டம். பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போது கொக்கி வெளியே நகரும். சுவரில் முட்டவைத்து அளக்கும்போது உள்ளே போகும். கொக்கியின் கனம் எவ்வளவோ, ஆட்டமும் அவ்வளவே. இரண்டு விதத்திலும் அளவு சரியாக வருவதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஜன்னலுக்குள் அளக்கும்போது மறுமூலையில் டேப்பை வளைத்துப் படிக்காதீர்கள். வளைவில் கால் இன்ச் தவறிவிடும். டேப் பெட்டியின் முதுகைச் சுவரில் முட்டவைத்து, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அதன் நீளத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மெட்ரிக் அளவு இந்தியா முழுக்கக் கட்டாயமாகி அறுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. ஆனாலும் நம் கொத்தனாரும் ஆசாரியும் இன்னும் அடி, இன்ச், நூல் என்றுதான் பேசுகிறார்கள். ஓர் இன்ச்சுக்கு எட்டு நூல். ஒரு நூல் என்பது ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். திரைச்சீலைக்கு நாலு நூல் முன்னேபின்னே இருந்தால் யாருக்கும் தெரியாது. சட்டத்துக்குள்ளேயே பொருத்துகிற பிளைண்ட்ஸுக்கு இரண்டு நூல் கூடிவிட்டாலும் உள்ளே நுழையாது.

பிளைண்ட்ஸ் போடுகிறவர்கள் அகலத்தை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். பூச்சு வேலையில் எந்தச் சுவரும் நூல் பிடித்தாற்போல் இருப்பதில்லை. மேலே 48 இன்ச், நடுவே 47 இன்ச் 6 நூல், கீழே 47 இன்ச் 4 நூல் என்று வரும். இருப்பதில் குறைந்ததை, அதாவது 47 இன்ச் 4 நூலைக் குறித்துக்கொள்ளுங்கள். உயரத்தையும் இடம், நடு, வலம் என்று மூன்று இடத்தில் அளந்து எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு தடவை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் மூலை மட்டம் சரி. அரை இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் வந்தால், பிளைண்ட்ஸைச் சட்டத்துக்கு வெளியே சுவரில் மாட்டுவதுதான் உத்தமம். கடைக்காரரிடம் கொடுக்கும்போது இது ஓப்பனிங் அளவு என்று சொல்லிவிடுங்கள். உள்ளே நுழைவதற்கான இடைவெளியை அவர்களே கழித்துக்கொள்வார்கள். நீங்களும் கழித்து அவர்களும் கழித்தால், இரண்டு ஓரத்திலும் வெயில் கோடு விழும்.

சோழர் காலத்தில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தைப் பல கோயில்களில் கல்லிலேயே வெட்டிவைத்தார்கள். 12 சாண் கோல், 16 சாண் கோல் என்று ஊருக்கு ஊர் கோல் வேறு. எந்தக் கோலால் அளந்தது என்ற சச்சரவு வந்தால், கோயிலுக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்ளலாம். வீட்டிலும் அந்தச் சச்சரவு வரும். ஜன்னலை ஒரு டேப்பில் அளந்து, தையல்காரர் வேறு டேப்பில் வெட்டினால் யாரைக் கேட்பது? தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே டேப் இருக்கட்டும்.

இப்போது துணிக் கணக்கு. ஐந்தடிக் கம்பி என்றால் 60 இன்ச். இரண்டு பங்கு 120 இன்ச். திரைத்துணி கடையில் பெரும்பாலும் 48 இன்ச் அகலத்தில் கிடைக்கிறது. 120-ஐ 48-ஆல் வகுத்தால் இரண்டரை. மூன்று துண்டாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஒன்றரைத் துண்டு. உயரத்துக்கு வருவோம். ஜன்னல் நாலடி, அதாவது 48 இன்ச். கம்பி ஜன்னலுக்கு ஆறு இன்ச் மேலே, திரை ஜன்னலுக்கு ஆறு இன்ச் கீழே என்றால் 60. மேல் மடிப்புக்கு 4, கீழ் மடிப்புக்கு 4, சேர்த்து 68. பருத்தித் துணி சுருங்குவதற்கு இன்னும் 4 கூட்டினால் 72 இன்ச். மூன்று துண்டுக்கு 216 இன்ச், அதாவது ஐந்தரை மீட்டர். பெரிய பூ, பெரிய கட்டம் போட்ட துணி என்றால் டிசைன் பொருந்துவதற்காகத் துண்டுக்குத் துண்டு கொஞ்சம் கூடுதலாக எடுக்க வேண்டியிருக்கும்.

சுருக்கத்தை இந்த வட்டாரத்தில் அலட்சியம் செய்ய முடியாது. பெருமுக்கல்லைச் சுற்றிக் கல்குவாரிகள், லாரிப் போக்குவரத்து. கடலோரம் போனால் காற்றிலேயே உப்பு. திரையை அடிக்கடி துவைத்தே ஆக வேண்டும். ரெடிமேட் திரைகள் வழக்கமாக நாலடி அகலத்தில், ஐந்தடி, ஏழடி, ஒன்பதடி உயரத்தில் வருகின்றன. வாங்கிய உடனே ஒரு தடவை நனைத்துக் காயவையுங்கள். சுருங்கிய அளவைப் பார்த்துவிட்டு, அதற்குத் தக்கபடி கம்பியை மாட்டுங்கள். கம்பியை மாட்டிவிட்டுத் துணியைத் துவைத்தால், ஐந்தடித் திரை இரண்டு இன்ச் மேலேறி நிற்கும்.

மறைப்பும் வேண்டும், காற்றும் வேண்டும் என்பவர்கள் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதியை நினைத்துப் பார்க்கலாம். செக் நாட்டில் பிறந்த அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. 1937-இல் தொடங்கிய கட்டுமானத்தை அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் நகஷிமா மேற்பார்த்தார். அதன் வடக்கு, தெற்கு முகங்களில் கண்ணாடி ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கத் திருப்பக்கூடிய சிமெண்ட் பலகைகள் வரிசையாக இருக்கின்றன. பலகையைச் சாய்த்தால் கூசும் வெளிச்சம் மட்டுப்படும், காற்று மட்டும் நுழையும். ஏசி இல்லாத காலத்தில் இந்தக் கரையின் வெக்கைக்குக் கண்ட விடை அது.

நம் வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் பிளைண்ட்ஸ் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பாடம் உதவும். ரோலர் பிளைண்ட்ஸ் இறக்கினால் காற்று நின்றுவிடும். நெட்டுவாக்கில் தொங்கும் பட்டைகள் காற்றில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மூங்கில் தட்டி வெயிலைத் தடுத்தும் காற்றை விடும், விலையும் குறைவு. மேற்கு ஜன்னலுக்கு அதுவே போதும். தட்டியைச் சுருட்டினால் மேலே எவ்வளவு தடிமனாக நிற்கும் என்பதைக் கடையிலேயே சுருட்டி அளந்து பாருங்கள். அந்தச் சுருள் ஜன்னலுக்கு மேலே சுவரில் நிற்கும்படி மாட்டினால் ஜன்னல் முழுசாகக் கிடைக்கும்.

கிழக்கு ஜன்னலுக்கு ஐப்பசி, கார்த்திகை மழையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. சாரல் அடிக்கிற ஜன்னலில் தரை வரை திரை விடாதீர்கள், நனைந்து கறை பிடிக்கும். கம்பியும் திருகும் சாதா இரும்பாக இருந்தால் உப்புக் காற்றில் துரு ஏறி, துணியில் இறங்கும். அலுமினியமோ மரமோ நல்லது. திருகு பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ வாங்குங்கள்.

குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு முக்கியமான ஒன்று. பிளைண்ட்ஸை ஏற்றி இறக்கும் கயிறு வளையமாகத் தொங்கினால் குழந்தையின் கழுத்தில் சிக்கிவிடும் ஆபத்து உண்டு. கயிற்றைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் சுவர்க் கொக்கியில் சுற்றிக் கட்டுங்கள். கட்டிலையும் தொட்டிலையும் அந்த ஜன்னலிலிருந்து தள்ளிப் போடுங்கள்.

கடைக்குப் போகும் முன் ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனியாக ஒரு சீட்டு எழுதுங்கள். எந்த அறை, எந்தத் திசை, முதலில் அகலம், அடுத்து உயரம். அதன் கீழே, திரை ஒதுங்க இடப்பக்கம் எத்தனை இன்ச் சுவர் இருக்கிறது, வலப்பக்கம் எத்தனை இன்ச். மற்ற அளவுகளைக் கடைக்காரர் கட்டாயம் கேட்பார். கடைசி இரண்டையும் நீங்களாகத்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.