உணவு மேசையும் குடும்ப ஒற்றுமையும்

(தோட்டத்து மாதர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)

 

இல்லத்தில் உணவு உண்ணும் இடத்தை அன்றாடப் பயனுக்கும் விருந்தோம்பலுக்கும் ஏற்றவாறு அமைப்பது எவ்வாறு என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். தோட்ட வீடுகளின் குறைந்தபட்ச வசதிகளை வரையறுக்க நம் நாட்டில் 1966-ஆம் ஆண்டிலும், பின்னர் 1990-ஆம் ஆண்டிலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. சுவரும் கூரையும் குடிநீரும் சட்டத்தின் பொறுப்பு. அச்சுவர்களுக்குள் எப்படி வாழ்வது என்பது நம் பொறுப்பு.

விடியுமுன் பால் வெட்டச் செல்லும் தந்தை, பள்ளிக்கு ஓடும் பிள்ளை, ஆலையில் முறைவேலை பார்க்கும் மகன் என்று ஆளுக்கொரு நேரம் உண்பது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. தாயோ எல்லாரும் உண்டபின் அடுக்களை மூலையில் எஞ்சியதை உண்கிறாள். காலையில் கூட இயலாதவர்கள் இரவு உணவுக்கேனும் ஒன்று கூடலாமன்றோ? அதற்கு ஓர் இடம் வேண்டும்.

தனி அறை தேவையில்லை. பத்தடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள ஒதுக்கிடம் போதும். நான்கடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரமுள்ள மேசையின் நீண்ட பக்கத்தைச் சுவரோடு சேர்த்துப் போட்டால் நால்வர் அமரலாம். ஒருவர் தாராளமாக உண்ண இரண்டடி இடம் வேண்டும். நாற்காலியை இழுத்து எழவும், பின்னால் ஒருவர் நடந்து செல்லவும் மூன்றடி விடுதல் நலம். காற்றும் வெளிச்சமும் வரும் சன்னலருகே இடம் கிடைத்தால் மிக நன்று. மேசைமேல் மெழுகுத்துணி விரித்தால் ஈரத்துணியால் துடைத்த மறுகணமே பிள்ளைகள் அதில் பாடம் எழுதலாம். பாயில் அமர்ந்து உண்ணும் குடும்பத்தாரும் இதே ஒழுங்கைக் கைக்கொள்ளலாம்.

சோறு, கறி, குடிநீர், கரண்டிகள் யாவும் அமருமுன்பே மேசைக்கு வந்துவிட வேண்டும். அவ்வாறாயின், 'அம்மா, தண்ணீர்' என்ற குரலுக்குத் தாய் எழுந்தோட வேண்டியதில்லை. அவரும் அமர்ந்து உண்பார். உண்டபின் அவரவர் தட்டை அவரவர் கழுவுதல் ஆண்பிள்ளைகளுக்கும் உரிய கடமையே.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. எறும்பு ஏறாமலிருக்க உணவு அலமாரியின் கால்களை நீர்க் கிண்ணங்களில் வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்பும் இடங்களுள் அதுவும் ஒன்று. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும். நீரை மட்டும் மாற்றினால் போதாது. முட்டைகள் கிண்ணத்தின் பக்கங்களில் ஒட்டிக்கொள்ளுமாதலால், வாரந்தோறும் தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டில் கொசு பெருக இடமளிப்பது 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் மறவாதீர்கள்.

இனி விருந்தோம்பல். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பின்போது கூடத்து நாற்காலிகளை ஓரமாக்கி, அதே மேசையைச் சுவரை விட்டு நகர்த்தினால் இருபுறமும் நின்று உணவு எடுத்துக்கொள்ளலாம். தட்டுகள் ஒரு முனையில், அடுத்துச் சோறு, பின்னர் கறிவகைகள் என வரிசையாக வையுங்கள். பானங்களை வேறொரு சிறு மேசையில் வைத்தால் நெரிசல் இராது. மரக்கறி உணவைத் தனியே வைத்துத் தனிக் கரண்டி போடுங்கள். மலாய் நண்பர்கள் மனநிறைவோடு உண்ண, இறைச்சி ஹலால் கடையில் வாங்கியதாக இருக்கட்டும். மாட்டிறைச்சியை விலக்கும் சீன நண்பர்களும் உளர் என்பதை நினைவில் கொள்ளுங்கள். சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருத்தல் நன்றன்று. ஆகவே சிறிது சிறிதாக எடுத்து வைத்துப் பரிமாறுக.

விருந்தினருக்கென்று பீங்கான் தட்டுகளைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, பெற்ற பிள்ளைகளுக்கு விளிம்பு உடைந்த தட்டில் உணவிடுவதைச் சில இல்லங்களில் காண்கிறோம். பிறர் கண்ணுக்காகக் கடன்பட்டுப் பெரிய மேசை வாங்குவோரும் உண்டு. திருக்குறளில் எட்டாம் அதிகாரம் அன்புடைமை, ஒன்பதாம் அதிகாரம் விருந்தோம்பல், பத்தாவது இனியவை கூறல். இவ்வரிசையை எண்ணிப் பாருங்கள். வீட்டாரிடம் அன்பு, வந்தாரிடம் உபசரிப்பு, இருவரிடமும் இன்சொல். நாள்தோறும் குடும்பம் கூடி உண்ணும் மேசைக்கு விருந்து நாளில் புதிய அலங்காரம் தேவைப்படாது.

ஆகவே அன்பர்களே, இன்றிரவே அந்த மேசையைத் துடைத்து வையுங்கள். தாய்க்கும் ஒரு நாற்காலி போடுங்கள். அவர் அமர்ந்த பின்னரே மற்றவர்கள் சோற்றில் கை வையுங்கள்.