கந்தளாய்க் குளக்கட்டின்மேல்



பழம்பொருள்களைக் காணவேண்டும் என்றால் நம்மிற் பலர் கொழும்பு நூதனசாலையை நினைப்பர்; அல்லது அநுராதபுரத்துக்கும் பொலனறுவைக்கும் புறப்படுவர். திருகோணமலைக்குச் செல்லும் பெருவழியிலே, பட்டினத்துக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர் இப்பால், சுவரும் கூரையும் இல்லாத நூதனசாலை ஒன்று இருக்கிறது. அதுவே கந்தளாய். கோணேசர் தரிசனத்துக்கும் கடற்கரைக்கும் விரைவோர் பலர் இங்கே இறங்குவதில்லை. இன்று நாம் சற்றே இறங்கிப் பார்ப்போம்.

முதலில் குளக்கட்டின்மேல் ஏறி நிற்போம். ஒருபுறம் கடல்போற் பரந்த நீர்; மறுபுறம் அந்நீரால் விளையும் வயல். இத்துணைப் பெரிய குளத்தைக் கட்டியவர் யார்? 604 முதல் 614 வரை ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னனின் திருப்பணிகளுள் ஒன்றாக இதனைப் பாளி வரலாற்று நூல் கூறுகின்றது. கோணேசர் கோயிலுக்கு நெல் விளைவிப்பதற்காகக் குளக்கோட்டு மன்னன் கட்டியது என்கிறது கோணேசர் கல்வெட்டு என்னும் தமிழ் நூல். இதுபற்றி வாதிடுவோர் இரு திறத்தாரிலும் உளர். வாதத்தைச் சற்று நிறுத்திவைத்து, இப்பகுதியிற் கிடைத்த இரு கற்கள் கூறுவதைக் கேட்போமா?

ஒன்று, பாலமோட்டையிற் கண்டெடுக்கப்பட்ட தமிழ்ச் சாசனம். 11ஆம் நூற்றாண்டின் இறுதியில், முதலாம் விஜயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டிற் பொறிக்கப்பட்டது. நங்கைசானி என்னும் பிராமணப் பெண்மணி, இறந்த தன் கணவனின் நினைவாகத் தென்கைலாசம் என்னும் சிவாலயத்துக்குச் செய்த அறக்கொடையை அது கூறுகின்றது. அக்கோயிலுக்கு விஜயராஜ ஈஸ்வரம் என்றும், கந்தளாய்க்கு விஜயராஜ சதுர்வேதிமங்கலம் என்றும் அரசன் பெயரால் மறுபெயர்கள் வழங்கின. அறத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது.

மற்றொன்று, கந்தளாயிற் கிடைத்த கல்லாசனம். அதன் சாசனம் சிங்களத்தில் உள்ளது. 1187 முதல் 1196 வரை ஆண்ட நிச்சங்கமல்லன், சதுர்வேத பிரமபுரத்திலே பார்வதி சத்திரம் என்னும் அன்னசாலையை அமைத்து, அங்கு நடந்த தானத்தை இவ்வாசனத்தில் அமர்ந்து கண்டு மகிழ்ந்தான் என்பது அதன் செய்தி.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். தமிழ்க் கல்லிலே சிங்கள வேந்தனின் பெயர். சிங்களக் கல்லிலே பார்வதியின் பெயர். இவ்வூரை ஒருவர்க்கே உரியதென்று சாதிக்க வருவோர், தம் கட்சிக்கு ஒரு கல்லைத் துணைக்கழைத்தால் மற்றக் கல்லுக்கு விடை கூறவேண்டிவரும்.

பழமையை உரிமை கொண்டாடுவது எளிது, பேணுவது அரிது. 1986ஆம் ஆண்டு ஏப்ரில் 20ஆம் நாள், விடியுமுன்னே, நாம் நிற்கும் இக்குளத்தின் கட்டு உடைந்தது. உறங்கிக் கிடந்த ஊர்களின்மேல் வெள்ளம் பாய்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் வயல்களும் அழிந்தன. அவ்வெள்ளம் எவரிடத்தும் இனமோ மொழியோ கேட்கவில்லை. குளத்தைக் கட்டியவர் யார் என்று ஆராய்வது அறிஞர் கடமை. கட்டைக் காப்பது அனைவர் கடமை. கற்களுக்கும் அஃதே நியாயம்.

ஆதலின், கந்தளாய்க்குச் செல்வோர்க்கு ஒரு வேண்டுகோள். இச்சாசனங்களின் வாசகங்கள் ஏற்கெனவே பதிப்பிக்கப்பட்டுள்ளன. அவற்றைப் படித்தறிந்த பின்னர்ச் செல்லுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். வயலிலோ புதரிலோ எழுத்துள்ள கல் எதனையும் கண்டால், பெயர்த்தெடுக்கவும் வேண்டா. சுண்ணாம்பு பூசவும் வேண்டா. தொல்பொருட்கள் 1940ஆம் ஆண்டின் சட்டத்தாற் காக்கப்படுபவை. தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்தலே முறை. எந்த மொழிக் கல் என்று பாராது அறிவியுங்கள்.

கணவனை இழந்த ஒரு பெண் தன் அறத்தைக் கல்லிடம் நம்பி ஒப்படைத்தாள். ஒன்பது நூற்றாண்டுகள் கடந்தும் கல் அவ்வறத்தை மறக்கவில்லை. அதனைக் காத்த வேளைக்காரர் இன்றில்லை. அவர் விட்டுச்சென்ற காவற்பணி இப்பொழுது நம்முடையது.