கெட்டியான பசையா, சரியான பசையா?

(குடியரசு தின விழாவன்று நம் சமூகக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார் செயலாளர். டெலஸ்கோப் பற்றி என்றதும் சந்திரன், சனி என்று பேசுவேன் என நினைத்திருப்பீர்கள். இன்று பேசப்போவது பசையைப் பற்றி.

போன மாதம் பி பிளாக் மொட்டை மாடியில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். குழந்தைகள் வரிசையில் நின்று நிலா பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் குழந்தை ஃபோகஸ் திருகைத் தொட்ட நேரம், குழாய்க்குள் 'டக்'கென்று ஒரு சத்தம். நிலா காணாமல் போனது. உள்ளே சின்னக் கண்ணாடி கழன்று விழுந்து, அடியில் இருந்த பெரிய கண்ணாடியின் ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. "நான் ஒண்ணுமே பண்ணல தாத்தா" என்று அந்தக் குழந்தை அழுதது. மறுநாள் நம் வாட்ஸ்அப் குழுவில், "சின்னப் பசங்களைத் தொட விடக்கூடாது" என்று நான்கைந்து பேர் எழுதியிருந்தீர்கள்.

அந்தக் குழந்தை சொன்னது உண்மை. தவறு என்னுடையது. எப்படி என்று சொல்கிறேன்.

நம்முடையது ஆறு அங்குல டாப்சோனியன் டெலஸ்கோப். குழாயின் அடியில் குழிந்த பெரிய கண்ணாடி. வாய்ப்பக்கம் 45 டிகிரி சாய்வில் ஒரு சின்னத் தட்டைக் கண்ணாடி. பெரியது திரட்டித் தரும் ஒளியைச் சின்னது பக்கவாட்டில் திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புகிறது. சின்னதன் எடை ஐம்பது கிராம்கூட வராது. அது ஓர் அலுமினியத் தகட்டில் பசையால் மட்டுமே ஒட்டித் தொங்குகிறது. இரண்டு வருடம் முன்பு அதை மறுபடி ஒட்டியவன் நான்தான். "கெட்டியாக இருக்கட்டும்" என்று இரண்டு டியூபைக் கலந்து போடும் எபாக்சியைப் பின்பக்கம் முழுக்கத் தடவி அழுத்தி வைத்தேன்.

அங்கேதான் பிழை. ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் நடுவே மாடியில் ஓர் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் இருக்கிறதல்லவா? அதை ஏன் சிமென்ட் போட்டு அடைக்கவில்லை? வெயிலில் கட்டடம் விரியும், குளிரில் சுருங்கும். நடுவில் விட்டுக்கொடுக்கிற பொருள் இல்லையென்றால் சுவர் வெடிக்கும். கண்ணாடிக்கும் அலுமினியத்துக்கும் இடையிலும் இதே கதைதான்.

ஒரு கணக்கு. மாடி அறையில் பகலில் 40 டிகிரி, இரவில் வெளியே 20 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மில்லிமீட்டர் அகல அலுமினியத் தகடு சுமார் 23 மைக்ரான் சுருங்கும். அதே அகலப் போரோசிலிகேட் கண்ணாடி சுமார் 3 மைக்ரான்தான் சுருங்கும். வித்தியாசம் 20 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இதெல்லாம் ஒரு அளவா என்று கேட்கலாம். ஆனால் டெலஸ்கோப் கண்ணாடியின் முகம் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகக்கூடாது. எபாக்சி காய்ந்தால் கல். அது விட்டுக்கொடுக்காது. ஒன்று கண்ணாடியை வளைக்கும், இல்லையென்றால் தினமும் இழுபட்டு ஒருநாள் தானே பெயரும். எனக்கு இரண்டும் நடந்தது. சில மாதமாகவே நட்சத்திரம் புள்ளியாகத் தெரியாமல் கோடாக இழுத்தது. ஃபோகஸை முன்னும் பின்னும் நகர்த்தினால் கோட்டின் திசையும் மாறியது. கண்ணாடி வளைந்ததன் அடையாளம் அது. நான் கண் டாக்டரிடம் போய் வந்தேன்!

பெரிய இடங்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. ஹவாயில் மௌனா கியா மலைமேல் கெக் டெலஸ்கோப்புகள் இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 36 கண்ணாடித் துண்டுகள். தாங்கும் உறுப்புகளை ஒட்டியிருந்த இடங்களில் நுண்ணிய வெடிப்புகள் கண்டு, அவற்றைப் பழுதுபார்க்க வேண்டிவந்தது.

சரி, எந்தப் பசை? ஃபெவிக்விக் மாதிரியானது வேண்டாம். காய்ந்தால் மொறுமொறுப்பு, ஒரு அதிர்ச்சியில் விட்டுவிடும். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகவும் படியும். குச்சியை உருக்கி ஒட்டும் ஹாட் க்ளூ நம் ஊர் வெயிலில் இளகும். ஏற்றது சிலிகான். உங்கள் ஜன்னல் ஓரத்திலும் வாஷ்பேசின் ஓரத்திலும் போட்டிருக்கிறார்களே, அந்த இனம். ஆனால் வினிகர் வாசனை அடிக்கும் வகை வேண்டாம். அதிலிருந்து வரும் அமிலம் உலோகத்தை அரிக்கும். டியூபில் 'நியூட்ரல் க்யூர்' என்று இருக்கிறதா, தேதி தாண்டவில்லையா என்று பாருங்கள். பழைய டியூப் சரியாக இறுகாது.

ஒட்டும் முறையும் முக்கியம். தகட்டை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும். இரண்டையும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தபின் விரல் படக்கூடாது. பட்டாணி அளவில் மூன்று பொட்டு, முக்கோணமாக. முழுக்கத் தடவக்கூடாது. சிலிகான் காற்றின் ஈரத்தால் வெளியிலிருந்து உள்ளே இறுகுவது, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். நடுவில் காற்றுப் போகாவிட்டால் பச்சையாகவே இருக்கும். இடையில் மூன்று தீக்குச்சிகளை வைத்து, அவற்றின்மேல் கண்ணாடியை அழுத்தாமல் உட்கார வையுங்கள். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளிதான் நம் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட். இறுகியபின் குச்சிகளை உருவிவிடலாம். ஒரு வாரம் தொடக்கூடாது. மூன்று பொட்டு போதுமா என்று பயம் வேண்டாம், கணக்குப்படி பல கிலோ தாங்கும். நாளைக்குக் கழற்ற வேண்டுமென்றால் மீன் நரம்பை விட்டு அறுத்தால் வந்துவிடும். எபாக்சியில் அது நடக்காது.

இப்படித்தான் இந்த மாதத் தொடக்கத்தில் மறுபடி ஒட்டினேன். ஒரு வாரம் கழித்து, மடித்த போர்வைக்கு மேலே கவிழ்த்து மூன்று நாள் தொங்கவிட்டேன். அசையவில்லை. பாதுகாப்புக்குக் கண்ணாடியின் பின்புறத்திலிருந்து தகட்டுக்கு ஒரு நூலையும் தளர்வாக ஒட்டியிருக்கிறேன். பசை விட்டாலும் விழாது. ஒட்டிய தேதியைத் தகட்டில் எழுதியிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி கழுவும் ஒவ்வொரு முறையும் இதையும் யாராவது ஒருவர் அசைத்துப் பார்த்துவிடுங்கள். பெரிய கண்ணாடியில் சில்லு பெயர்ந்த இடத்தில் கறுப்பு மை பூசியாயிற்று. நிலா முன்பு போலவே தெரிகிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். டெலஸ்கோப்பைப் பூட்டி வைக்கலாம் என்ற யோசனையைக் கைவிடுங்கள். அடுத்த வளர்பிறையில் மாடிக்கு வாருங்கள். வரிசையில் முதல் இடம் அந்தக் குழந்தைக்கு. திருகையும் அவளே திருப்பட்டும்.