தோற்றவர் போடும் காசு

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஜப்பான் போய்ட்டு வந்திருக்கீங்களே, அதைப் பத்திப் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக் கொண்டார். புல்லட் ரயில், ஃப்யூஜி மலை என்று எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அலுவலகப் பயிற்சிக்காக டோக்கியோவில் இருந்த நாட்களில், சாயங்காலமானால் நான் போய் நின்றது வீடியோ கேம் கடைகளில்தான். சிரிக்காதீங்க. உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் அங்கேதான் கிடைத்தது.

திருவேங்கடத்திலிருந்து பஸ் ஏறி வந்து இந்தக் கல்லூரியில் படித்தவன் நான். எங்க கரிசல் காட்டுப் பக்கம் அந்தக் காலத்தில் வீடியோ கேம் என்றால், டி.வி.யில் கேசட் போட்டு மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்து ஆடுவதுதான். அப்போது பிடித்த பைத்தியம், இன்னும் விடவில்லை. அதிலும் இரண்டு பேர் நேருக்கு நேர் மோதும் சண்டை விளையாட்டு என்றால் எனக்கு உயிர்.

1991இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' கொண்டு வந்தது. அதில் இந்தியாவுக்குப் பிரதிநிதியாக தால்சிம் என்று ஒருத்தர் வருவார். யோகா செய்து செய்து கை கால் ரப்பராக நீளும், வாயிலிருந்து தீ வரும், கழுத்தில் மண்டை ஓட்டு மாலை. நம்ம ஜில்லாவில் அப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்லை! அடுத்து 1993இல் சேகாவின் 'விர்ச்சுவா ஃபைட்டர்', 1994இல் நாம்கோவின் 'டெக்கன்'. எல்லாம் கேம் சென்டர்களில் பிறந்து, பிறகு வீட்டுக்குள் வந்தவை.

டோக்கியோவில் தகதனோபாபா என்ற பகுதியில் 'மிகாடோ' என்றொரு கேம் சென்டர் இருக்கிறது. பழைய சண்டை விளையாட்டுகளை இன்றும் அங்கே ஆடலாம். இரண்டு பெட்டிகளை முதுகோடு முதுகு ஒட்டி வைத்திருப்பார்கள். எதிராளியின் முகம் தெரியாது. நீங்கள் ஆடிக் கொண்டிருக்கும்போது, அந்தப் பக்கம் யாரோ நூறு யென் நாணயத்தைப் போடுவார். அதுதான் சவால். ஜெயித்தவர் உட்கார்ந்த இடத்திலேயே தொடர்ந்து ஆடலாம், காசு கிடையாது. தோற்றவர் எழுந்து, மறுபடி ஆட வேண்டுமென்றால் இன்னொரு நாணயம் போட வேண்டும். ஆகக் கூடி, அங்கே தோல்விக்குத்தான் கட்டணம்.

ஒருநாள் என்னை வரிசையாக ஆறு தடவை தோற்கடித்தவர் யாரென்று எட்டிப் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும், ஆபீஸ் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். ஏழாவது நாணயத்தை நான் எடுத்ததும் எழுந்து என் பக்கம் வந்தார். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் வராது. என் பெட்டியின் பட்டனைத் தொட்டு, எந்த நொடியில் அழுத்த வேண்டும் என்று மூன்று முறை செய்து காட்டினார். பிறகு போய் உட்கார்ந்து மறுபடியும் என்னைத் தோற்கடித்தார்! ஆனால் இந்தத் தடவை கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் ஜெயித்தார்.

இதுதான் அந்தக் கடைகளின் பள்ளிக்கூடம். இணையம் வருவதற்கு முன்பே பல கேம் சென்டர்களில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடக்குமாம். கண்டுபிடித்த உத்தியை, கேட்க நினைத்த சந்தேகத்தை யார் வேண்டுமானாலும் எழுதி வைப்பார்கள், அடுத்து வருபவர் பதில் எழுதுவார்.

அந்தப் பள்ளிக்கூடங்கள் இப்போது மூடிக்கொண்டு வருகின்றன. ஜப்பான் காவல் துறைக் கணக்குப்படி 1986இல் 26,000க்கும் மேல் இருந்த கேம் சென்டர்கள் 2019இல் ஏறத்தாழ 4,000 ஆகிவிட்டன. வீட்டிலும் கைபேசியிலும் விளையாட்டு வந்தது ஒரு காரணம். இன்னொன்று அந்த நாணயமே. 1989இல் 3 சதவீதமாக வந்த விற்பனை வரி, 2019இல் 10 சதவீதம் ஆயிற்று. கடைக்காரர் விலையை ஏற்றலாமென்றால், பெட்டியின் துளை நூறு யென்னுக்கானது. நூற்றுப் பத்து யென்னை எப்படிப் போடுவது? வரியைத் தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். 2020இல் கொரோனாவும் சேர்ந்து கொண்டது. சேகா நிறுவனமே கேம் சென்டர் தொழிலை விற்றுவிட்டு வெளியேறியது. மிகாடோவுக்கு ரசிகர்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள்.

"ஜப்பான்காரன் கதை நமக்கு எதுக்கு அண்ணாச்சி?" என்று ஒரு தம்பி முகத்தில் தெரிகிறது. சொல்கிறேன். 2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் நடந்த பெரிய டெக்கன் போட்டிக்கு, பாகிஸ்தானின் லாகூரிலிருந்து அர்ஸ்லான் ஆஷ் என்ற இளைஞர் வந்தார். வெளியுலகில் அநேகம் பேருக்கு அவரைத் தெரியாது. விசாத் தொல்லை, விமானத் தொல்லை எல்லாம் தாண்டி வந்து, கோப்பையை வாங்கிக் கொண்டு போனார். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸிலும் அவரே வென்றார். லாகூரின் சின்னச் சின்ன கேம் கடைகளில் நெருக்கியடித்து ஆடி வளர்ந்தவர் அவர். தன் ஊரில் இன்னும் நல்ல ஆட்டக்காரர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு கொரியாவின் முன்னணி ஆட்டக்காரரே லாகூருக்குப் போய் அவர்களோடு ஆடிப் பயின்றார்.

முன்னாள் மாணவர்களே, நமக்கும் ஒரு செய்தி உண்டு. 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் தங்கப் பதக்கம் வென்ற கொரியர் கிம் குவான் வூவுக்கு அப்போது வயது 44!

பிள்ளைகள் கெட்டுப் போவார்களே என்று பெற்றோர் பயப்படுவது நியாயம்தான். ஆனால் பணம் கட்டிப் பணம் பிடிக்கும் சூதாட்டம் வேறு, இது வேறு. 2025இல் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் ஆன்லைன் பண விளையாட்டைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது.

என் கவலை வேறு. இன்று விடுதியில் ஒரே அறையில் நாலு பேர், நாலு கைபேசி. தோற்றால் பட்டனை அழுத்திவிட்டு அடுத்த ஆளைத் தேடலாம். எப்படித் தோற்றோம் என்று சொல்லித் தர அங்கே யாரும் எழுந்து வரமாட்டார்கள். கிராமத்திலிருந்து வரும் பையனுக்கும் பெண்ணுக்கும் நாலு பேர் பார்க்கத் தோற்று, அசடு வழியாமல் மறுபடி உட்காரப் பழக ஓர் இடம் வேண்டும். அது இல்லாமல் நேர்முகத் தேர்வுக்குப் போனால், முதல் தோல்வியிலேயே ஒடுங்கிப் போகிறார்கள்.

எனவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரியில் ஓர் அறை ஒதுக்குவோம். இரண்டு திரை வைத்தாலும் சரி, கேரம் போர்டு, சதுரங்கம் வைத்தாலும் சரி. ஜெயித்தவர் உட்காரட்டும், தோற்றவர் வரிசையில் போய் நிற்கட்டும். ஒரே ஒரு விதி: தோற்றவர் "எப்படி?" என்று கேட்டால், ஜெயித்தவர் சொல்லிக் கொடுத்தே ஆக வேண்டும். மேஜை மேல் ஒரு நோட்டுப் புத்தகமும் கிடக்கட்டும்.

முதல் நன்கொடை என்னுடையது. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நிற்கிறார், யாரும் பின்வாசல் வழியாகப் போய்விடாதீர்கள்.