தங்கவயல் மூடிய கதையும் நம் காணி உறுதியும்



நல்லதண்ணிக்கு வருகிறவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறவர்கள். டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரைக்கும் நாட்டின் நாலு மூலையிலிருந்தும் சனம் வந்து இந்த வழியாகச் சிவனொளிபாத மலைக்கு ஏறுகிறது. நான் உங்கள் காலடி மண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். உங்கள் லயம் நிற்கிற மண் யாருடையது? காம்பராவுக்குப் போட்ட பூட்டு உங்கள் காசில் வாங்கியது. அந்தக் கதவு யாருடையது? கூரைத் தகரம் யாருடையது? இஸ்தோப்புக்கு முன்னால் ஆத்தா நட்டு வைத்த துளசி நிற்கிறதே, அந்த ஒரு சாண் நிலம் யாருடையது? பாட்டன் காலத்திலிருந்து இதற்கு நமக்கு ஒரே பதில்: "தோட்டத்துது." இதே பதிலோடு நூறு வருடத்துக்கு மேல் வாழ்ந்த இன்னொரு தமிழ்ச் சனம் உண்டு. அவர்களுக்கு என்ன நடந்தது என்பதைக் கேளுங்கள்.

கர்நாடகத்தில் கோலார் தங்கவயல். கே.ஜி.எஃப். என்ற பெயர் சினிமாவால் நம் பிள்ளைகள் வாயிலும் இருக்கிறது. சினிமாவை ஒரு பக்கம் வையுங்கள். உண்மையான தங்கவயலில் பாறையை உடைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து பஞ்சம் பிழைக்கப் போன ஒடுக்கப்பட்ட சாதித் தமிழர்கள். நம் பாட்டனும் பாட்டியும் தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்த அதே நூற்றாண்டில், அதே பஞ்சத்துக்குத் தப்பி அங்கே போனவர்கள். நம்மைக் கங்காணி கூட்டி வந்தான். அவர்களை ஒப்பந்தக்காரன் கூட்டிப் போனான்.

1873-ல் லாவெல் என்கிற பழைய வெள்ளைக்காரப் படைவீரர் மைசூர் அரசிடம் அங்கே தோண்ட அனுமதி கேட்டார். 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்தது. சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க், மைசூர் மைன் என்று சுரங்கங்கள் இறங்கின. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. கூண்டில் ஏற்றி அனுப்புவார்கள். அடியில் பாறையே கொதிக்கும். பாறை தானாக வெடித்துச் சிதறும். உள்ளே இருந்தவனின் உடலை எடுக்க நாள் கணக்காகும். தப்பித்து மேலே வந்தவனைச் சிலிக்காத் தூசி விடாது. நாற்பது வயதில் மூச்சு வாங்கும். வேலை முடிந்து வெளியே வரும்போது உடம்பைத் தடவிச் சோதிப்பார்கள், ஒரு துணுக்குத் தங்கம் ஒளித்திருப்பானோ என்று. அப்படி 120 வருடத்தில் அந்த மண்ணிலிருந்து எடுத்த தங்கம் ஏறக்குறைய 800 டன்.

அவன் எங்கே குடியிருந்தான்? முதலில் மூங்கில் தட்டி வீடு. பிறகு லைன் வீடு. ஆமாம் தாய்மாரே, அங்கேயும் அதற்கு லைன் என்றுதான் பெயர். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். துரைமாருக்குப் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். அந்த ஊரைக் குட்டி இங்கிலாந்து என்று வெள்ளைக்காரன் கொண்டாடினான். 1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்து, 90 மைலுக்கு மேல் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்துக்கே அதற்குப் பிறகுதான் மின்சாரம்.

இதைக் கேட்கும்போது மஸ்கெலியாக்காரருக்கு ஒன்று ஞாபகம் வர வேண்டும். 1969-ல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் கட்டினார்கள். பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. கோடையில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் இன்றைக்கும் வெளியே தெரிகிறது. நம் மலையில் பெய்த மழை கொழும்பில் விளக்கு ஏற்றியது. நம் லயத்தில் பிள்ளைகள் எத்தனை வருடம் குப்பி விளக்கில் படித்தார்கள் என்பதை இங்கே இருக்கிற அம்மாமார் சொல்லட்டும்.

தங்கவயல் சனம் அடங்கிக் கிடந்த சனம் என்று நினைத்துவிடாதீர்கள். அயோத்திதாச பண்டிதரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்தில் வேர் விட்டது. அவருடைய எழுத்துகளைப் புத்தகமாக்கியது தங்கவயல் சித்தார்த்த புத்தகசாலை. சுரங்கத் தொழிலாளி பத்திரிகை படித்தான், வாதம் செய்தான், பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினான். இங்கே நடேசய்யர் அட்டனில் சங்கம் வைத்ததும், மீனாட்சியம்மாள் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடிச் சனத்தை எழுப்பியதும் நமக்குத் தெரியுமே, அதே காலம்தான். 1930-ல் கம்பெனி எல்லாத் தொழிலாளியின் கைரேகையையும் எடுத்துப் பதிய வேண்டும் என்றது. நம் ஆட்களின் கழுத்தில் தகர டிக்கட் மாட்டிய அதே புத்தி. தங்கவயல் மறுத்தது. ஆயிரக்கணக்கானவர்கள் சுரங்கத்துக்குள் இறங்காமல் மூன்று வாரம் நின்றார்கள். கம்பெனி பணிந்தது. 1946 நவம்பர் 4-ம் தேதி போலீஸ் சுட்டதில் ஆறு தொழிலாளர்கள் செத்தார்கள். நாம் 1940-ல் முல்லோயாவில் கோவிந்தனைக் கொடுத்தோம், 1977-ல் டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணனைக் கொடுத்தோம். ரத்தத்தில் அவர்களும் குறை வைக்கவில்லை, நாமும் வைக்கவில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1956-ல் மைசூர் அரசாங்கம் சுரங்கத்தை எடுத்தது. 1962-ல் மத்திய அரசு. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று அரசாங்கக் கம்பெனி. சனம் நினைத்தது, இனி நம் அரசாங்கம், நமக்கு என்ன குறை? நம் தோட்டங்களை 1972-லும் 1975-லும் அரசாங்கம் எடுத்தபோது நம் ஆட்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அடுத்து வந்தது பட்டினி. கிழங்கு தோண்டித் தின்ற கதையை இங்கே இருக்கிற வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

தங்கவயலில் தங்கம் குறைந்தது, செலவு ஏறியது. 2001 பிப்ரவரி 28. கதவைச் சாத்தினார்கள். அன்றைக்குச் சாத்தியது சுரங்கத்தை மட்டும் என்றால் பரவாயில்லை. அந்த ஊரில் எல்லாமே கம்பெனி. ஆஸ்பத்திரி கம்பெனி, தண்ணீர் கம்பெனி, தெருவிளக்கு கம்பெனி, வீடு கம்பெனி. பேர் பெற்ற ஆஸ்பத்திரி பாழடைந்தது. கணக்கு முடித்துக் கையில் கொடுத்த காசு கல்யாணத்துக்கும் கடனுக்கும் போனது. அப்பனும் பாட்டனும் பிறந்த லைன் வீட்டுக்குப் பத்திரம் கேட்டு வருடக்கணக்கில் மனுவும் வழக்குமாக அலைந்தார்கள். சங்கங்கள் சம்பளத்துக்குப் போராடின, போனசுக்குப் போராடின, ஜெயித்தன. சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், கம்பெனிக்குத் தொழிலாளியின் கை தேவைப்பட்ட காலத்தில், வீடு தொழிலாளி பெயருக்கு வரவில்லை. சுரங்கம் மூடிய பிறகு கேட்டால் எதை நிறுத்திப் போராடுவாய்? மூடிய சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்ய முடியுமா?

இன்றைக்கு அந்த ஊரில் விடியற்காலைக்கு முன்னமே மாரிக்குப்பம் ஸ்டேஷனில் கூட்டம். 1894-ல் தங்கத்துக்காகப் போட்ட ரயில் பாதை அது. இப்போது அதில் ஆட்கள் போகிறார்கள், ஆயிரக்கணக்கில், நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பெங்களூருக்கு. செக்யூரிட்டி வேலை, துப்புரவு வேலை, கட்டட வேலை, கடை வேலை. தூக்குப்பாத்திரத்தில் சோறு, உட்கார இடம் இல்லாவிட்டால் வாசலில் நின்ற தூக்கம். இரவு திரும்பும்போது பிள்ளை தூங்கியிருக்கும். ஊரில் மிச்சம் இருப்பது சயனைட் மலைகள். தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண். காற்றுக் காலத்தில் அந்தச் சாம்பல் நிறத் தூள் எழும்பிச் சோற்றுச் சட்டியில் விழுகிறது, பிள்ளையின் நெஞ்சில் இறங்குகிறது. தங்கம் போய்விட்டது, விஷம் அவர்களிடம் இருக்கிறது.

இது சுரங்கத்தின் கதை, தேயிலை வேறு என்று யாராவது சொல்வார்கள். சரி, தேயிலைக்கே வருகிறேன். திருநெல்வேலி மாவட்டத்தில் மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் ஒரு கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்த மலை. அந்தத் தொழிலாளர்களுக்காக 1999 ஜூலை 23-ல் ஊர்வலம் போய்த் தாமிரபரணியில் 17 உயிர் போனது. குத்தகை 2028-ல் முடிய வேண்டும். கம்பெனி அதுவரைக்கும்கூட இருக்கவில்லை. 2024-ல் விருப்ப ஓய்வு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, வீட்டைக் காலி செய்யச் சொன்னது. நாலு தலைமுறை அங்கே பிறந்தவர்கள். காட்டு நிலம், இறங்கிப் போ என்றார்கள். நீலகிரிக்குப் போங்கள். சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப 1964-ல் கையெழுத்துப் போட்டார்களே, அதில் போன நம் சொந்தக்காரர்களுக்காக அரசாங்கம் வைத்த தேயிலைத் தோட்டங்கள் அங்கே உண்டு. அதிலும் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். இங்கிருந்து வேரோடு பிடுங்கிக்கொண்டு போய் அங்கே நட்ட சனம், மறுபடி வீட்டுக்காகக் கைகட்டி நிற்கிறது.

இப்போது நம் மலைக்கு வருவோம். 1992-ல் தோட்டங்களைக் கம்பெனிகளிடம் கொடுத்தார்கள். 53 வருடக் குத்தகை. 2045-ல் முடிகிறது. மண் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பெனியுடையது. நாம் அந்தக் கணக்கில் எங்கே இருக்கிறோம்? எத்தனை டிவிஷனில் கொழுந்து மலை காடாகிக் கிடக்கிறது! மானாப்புல் ஆள் உயரத்துக்கு நிற்கிறது, அட்டையும் பன்றியும் குடியேறிவிட்டன. பெரட்டுக்கு நிற்கிற வரிசை வருடம் வருடம் குறைகிறது. பிள்ளைகள் கொழும்பில் கடையிலும் ஹோட்டலிலும் நிற்கிறார்கள், பெண் பிள்ளைகள் குவைத்திலும் சவூதியிலும் அடுப்படியில் நிற்கிறார்கள். நம்முடைய மாரிக்குப்பம் ரயில் ஏற்கெனவே புறப்பட்டுவிட்டது.

"காணி கொடுத்தால் வேலைக்கு வரமாட்டார்கள்" என்று ஒரு வாதம் காலம் காலமாகச் சொல்லப்படுகிறது. இதைச் சொல்கிறவர்கள் என்ன ஒப்புக்கொள்கிறார்கள் தெரியுமா? வீடு இல்லாத பயத்தைக் காட்டித்தான் உங்களை மலைக்கு அனுப்புகிறோம் என்று ஒப்புக்கொள்கிறார்கள். "தோட்டம் நஷ்டத்தில் ஓடுகிறது, இப்போது காணிப் பேச்சு எதற்கு" என்பது இன்னொரு வாதம். நஷ்டத்தில் ஓடுவதால்தான் இப்போது கேட்கிறோம். லாபத்தில் ஓடுகிற தோட்டம் நாளைக்கும் இருக்கும். நஷ்டத்தில் ஓடுகிறது என்று கம்பெனியே சொன்னால், மூடுகிற நாளுக்கு அது தயாராகிறது என்று அர்த்தம். நாம் தயாராக வேண்டாமா?

வீட்டுத் திட்டம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. இந்திய உதவியில் வீடுகள் எழும்பின. ஏழு பேர்ச் காணி என்றார்கள். 2017-ல் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கே வந்து இன்னும் 10,000 வீடு என்றார். 2014 அக்டோபர் 29-ல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயத்தோடு சனம் மண்ணுக்குள் போன பிறகும் நாம் ஆபத்தான சரிவுகளில்தான் படுக்கிறோம். சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்த பிறகும் உறுதி வந்து சேராத குடும்பங்கள் உண்டு. சாவி என்பது குடியிருக்க விடுகிற தயவு. உறுதி இருந்தால்தான் அந்த வீட்டை வைத்துப் பிள்ளையின் படிப்புக்கு பாங்கில் கடன் கேட்கலாம், பின்னால் ஒரு அறை கூட்டிக் கட்டலாம், துரையைக் கேட்காமல் நாலு கோவா நடலாம். இன்றைக்கும் எத்தனையோ லயங்களுக்குச் சொந்த முகவரி இல்லை. பிள்ளைக்கு வருகிற நேர்முகக் கடிதம் தோட்ட ஆபீசில் கிடந்து, தேதி முடிந்த பிறகு கைக்கு வந்த வீடுகள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கும். 1948-ல் பிரஜா உரிமையைப் பறித்தார்கள். அதை முழுதாக வாங்க 2003 வரைக்கும் போராடினோம். வாக்குச்சீட்டு கிடைத்தது. அந்தப் பிரஜைக்கு ஒரு வாசல் இலக்கம் இன்னும் கிடைக்கவில்லை.

சங்கங்களையும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். சம்பளப் பேச்சுவார்த்தைக்கு எத்தனை முறை கொழும்பு போனீர்கள், காணிக்காக எத்தனை முறை போனீர்கள்? சம்பளம் வேண்டும், அதில் ஒரு ரூபாயும் விடக் கூடாது. ஆனால் சம்பளம் பேர் போடுகிற தோட்டம் இருக்கும் வரைக்கும்தான். தங்கவயலில் நல்ல சங்கம் இருந்தது, ரத்தம் சிந்திய சங்கம் இருந்தது. வீட்டுப் பத்திரத்தைக் கடைசிக்கு விட்டார்கள், கடைசி அவர்களை முந்திக்கொண்டது.

ஆகவே தாய்மாரே, தகப்பன்மாரே, உங்களிடம் கேட்பது இதுதான். ஒவ்வொரு லயத்திலும் எத்தனை குடும்பம், எந்தக் காம்பராவில் எத்தனை வருடம், யார் பெயரில் பதிவு என்று நீங்களே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். படித்த பிள்ளைகள் இதைச் செய்து கொடுங்கள். நில அளவைக்காரர் வரும்போது வீட்டில் ஆள் இருங்கள். உறுதி வந்தால் கணவன் மனைவி இரண்டு பேர் பெயரிலும் கேளுங்கள். ஐம்பது வருடம் கொழுந்து பறித்த பெண்ணின் பெயர் அதில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். குத்தகை 2045-ல் முடியும்போது நம்மைப் பற்றி யாரோ பேசி முடிவு கட்டுவதற்கு முன், தோட்டத்துக்கு நம் கை தேவைப்படுகிற இந்தக் காலத்திலேயே கேட்க வேண்டும். வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள். அடுத்த மாதச் சந்தா பிடிக்கிறதற்கு முன் உங்கள் சங்கத்திடம் கேளுங்கள். என் வீட்டுக்கு உறுதி எந்தத் தேதியில் வரும் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.