போர்க்காலத்தில் வாணிகம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நமது கோபர்கைரனேயில் சரக்கு முகவர்களும், லாரித் தொழில் நடத்துவோரும், வாஷிச் சந்தையில் மளிகை வாணிகம் புரிவோரும் உளர். 1989-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற நாவா சேவாத் துறைமுகம் அவர்களுட் பலரது பிழைப்புக்கு ஆதாரம். ஆகவே, கடலில் போர் மூண்டால் சரக்குக்கும் மாலுமிக்கும் சட்டம் அளிக்கும் காவல் யாது என்பது நமக்குப் புறம்பான பேச்சன்று.

காரியத்தில் கெட்டிக்காரனை நம்மவர் ‘எம்டன்’ என்பர். அது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு அக்கப்பல் சென்னை மீது சுமார் 130 குண்டுகளைச் சுட்டது; பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றியெரிந்தன. இதனை யாவரும் அறிவர். அதற்குப் பத்து நாட்களுக்கு முன் வங்கக் கடலில் நிகழ்ந்ததைச் சிலரே அறிவர்.

‘கபிங்கா’ என்னும் ஆங்கிலக் கப்பலை எம்டன் பிடித்தது. கப்பல் பகைவருடையது, சரக்கோ அமெரிக்கருடையது. அமெரிக்கா அன்று நடுநிலை நாடு. போருக்கு உதவும் தடைப்பொருளாக இல்லாவிடில், நடுநிலையாளர் சரக்கு பகைவர் கொடியின் கீழ் இருப்பினும் அதனைப் பறித்தல் ஆகாது என்பது 1856-ஆம் ஆண்டுப் பாரிஸ் பிரகடனத்தின் விதி. ஆதலின் தளபதி கார்ல் ஃபான் முல்லர் அக்கப்பலை மூழ்கடிக்கவில்லை. தாம் மூழ்கடித்த பிற கப்பல்களின் மாலுமிகளை அதில் ஏற்றி விடுவித்தார்.

முல்லரைப் புகழ்வது என் நோக்கமன்று. சென்னையில் உயிரிழந்தோர் உண்டு. கப்பல்கள் துறைமுகங்களில் முடங்கின. இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறிற்று. ஆயினும் எது பறிபோகும், எது தப்பும் என்று வணிகன் ஓரளவு முன்னரே கணக்கிட இயன்றது. மாலுமியின் உயிருக்கும் ஒரு மதிப்பு இருந்தது.

இன்றைய நிலை யாது? 2023-ஆம் ஆண்டின் இறுதியில் ஏமனின் ஹூதிப் படையினர் செங்கடலில் வாணிகக் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினர். பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்றன. நம் ஏற்றுமதிச் சரக்கு ஐரோப்பா சேரக் கூடுதல் நாட்களாயின, கப்பற்கூலியும் உயர்ந்தது. தாக்குதலை நிறுத்துமாறு ஐ.நா. பாதுகாப்புச் சபை 2024 ஜனவரி 10-ஆம் நாள் தீர்மானம் இயற்றிற்று. அதன் பின்னரும், மார்ச் 6-ஆம் நாள், ‘ட்ரூ கான்ஃபிடன்ஸ்’ என்ற கப்பல் ஏவுகணையால் தாக்குண்டு மாலுமிகள் மூவர் மாண்டனர். எஞ்சியோரை நம் கடற்படையின் ‘ஐ.என்.எஸ். கொல்கத்தா’ மீட்டது, அவர்களுள் இந்தியர் ஒருவரும் இருந்தார்.

அக்கப்பல் தாங்கியது பார்படோஸ் கொடி. இயக்கியது கிரேக்க நிறுவனம். மாண்டவர்கள் பிலிப்பைன்ஸ், வியட்நாம் நாட்டவர். இவர்களுள் போரிட்டவர் எவர்? நடுநிலைக் கப்பலை நிறுத்திச் சோதனையிடச் சட்டம் இடந்தருகிறது. வழியே சென்றதற்காகக் கொல்ல இடந்தரவில்லை.

வணிக அன்பர்களுக்கு ஒன்று கூறுவேன். சாதாரணக் கடற்சரக்கு இன்ஷூரன்ஸில் போரால் விளையும் நட்டம் அடங்காது. அதனைத் தனியே சேர்த்தல் வேண்டும். பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். ஆனால் சரக்குக்குத்தான் பணம் ஈடாகும். கப்பலேறிய பிள்ளைகளுக்காக ஒவ்வோர் அரசும் இச்சட்டத்தை வற்புறுத்தல் வேண்டும். அக்கோரிக்கையை எழுப்பும் கடமை, கடல்வழி வாணிகத்தால் வாழும் நமக்கு உண்டு.